முகூர்த்தம் எத்தனை மணிக்கு?

சகோதரிகளே, தை பிறந்தால் உங்கள் வீட்டில் கல்யாணம் உண்டா? கல்யாணம் இல்லாவிட்டால் சீமந்தமோ, கிரகப்பிரவேசமோ, காதுகுத்தோ இருக்கும். அதுவும் இல்லையென்றால் மாதர் சங்கத்தில் கோலப் போட்டியாவது இருக்கும். எதுவானாலும் ஒரு பத்திரிகை அடித்தாக வேண்டும். அல்லது போனில் அனுப்ப ஓர் அழைப்பு தயாரித்தாக வேண்டும்.

முன்பெல்லாம் இதில் நமக்கு ஒரு சிரமமும் கிடையாது. அச்சாபீஸ்காரர் நாலு மாதிரி எடுத்து வைப்பார். மூன்றாவதைத் தொட்டுக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இப்போது வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஆள் போன். பூவும் கொடியும் எழுத்தும் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. "இதற்குப் போய் வெளியில் காசு கொடுப்பானேன்? நானே செய்து தருகிறேன்" என்று நாமே உட்கார்ந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அதனால் வந்த வினையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடம் பிறகு.

என் தம்பி மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை மண்டபத்தில் வரவேற்பு; மறுநாள் காலை கோயிலில் முகூர்த்தம். பத்திரிகையை நான்தான் போடுவேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். மூன்று ராத்திரி கண் விழித்தேன். மேலே பிள்ளையார், இரு பக்கமும் வாழை மரம், கீழ்ப்பாதியில் தோகை விரித்த மயில், ஐந்து விதமான எழுத்து, வர்ணங்களை நான் எண்ணவில்லை. "அத்தை, பிரமாதம்!" என்றாள் கல்யாணப் பெண். அதற்கு மேல் யாருடைய அபிப்பிராயம் வேண்டும்? 300 பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, ஊர் ஊராகப் போய்விட்டது.

எங்கள் பெரியப்பாவுக்கு வயது 81. இரவில் வெளியே வருவதில்லை என்பதால் வரவேற்புக்கு வரவில்லை. முகூர்த்தத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இருட்டோடு எழுந்து, குளித்து, ஆட்டோ பிடித்து, ஆறு மணிக்கு முன்பே போய் இறங்கிவிட்டார், மண்டபத்தில்! அங்கே காவல்காரர் முதல் நாள் மாலையில் உதிர்ந்த பூவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "நம்மவர்கள் எப்போதும் தாமதம்தானே" என்று பெரியப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நேரம் போயிற்று. எங்களுக்குப் போன் செய்தார். நாதஸ்வரச் சத்தத்தில் யார் காதில் விழும்? கடைசியில் அந்தக் காவல்காரர்தான் விசாரித்து, இன்னோர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பெரியப்பா கோயில் வாசலில் இறங்கும்போது தாலி கட்டி அரை மணி ஆகியிருந்தது.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. ஜிப்பாப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் எங்கே தப்பாகப் படித்தேன் என்று கொஞ்சம் காட்டும்மா" என்றார். மறந்துவிடக் கூடாது என்று ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு வேறு போட்டு வைத்திருந்தார். மண்டபத்தின் பெயருக்குக் கீழே!

அவர் தப்பாகப் படிக்கவே இல்லை. நான் எழுதியிருந்த வரிசையைப் பாருங்கள். முதலில் வரவேற்பு நேரம், மாலை 6.30. அடுத்த வரியில் முகூர்த்த நேரம், காலை 6.00 முதல் 7.30க்குள். அதற்கு நேர் கீழே மண்டபத்தின் பெயர். பிறகு என் அருமை மயில், தோகையை விரித்துக்கொண்டு. மயிலுக்கும் கீழே, தங்க நிறத்தில், பொடி எழுத்தில் கோயிலின் பெயர். முதல் நேரத்துக்கு முதல் இடம், இரண்டாவது நேரத்துக்கு இரண்டாவது இடம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு என் மண்டைக்குள் இருந்ததே தவிர, காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இருந்ததெல்லாம் முகூர்த்த நேரமும், அதை ஒட்டி நின்ற மண்டபமும்தான்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. பத்திரிகை போடுவது படம் ஒட்டும் வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. நாம் எதிரில் இல்லாதபோது, நமக்குப் பதிலாக நின்று பதில் சொல்கிற ஆளைத் தயார் செய்கிற வேலை அது. இந்த வேலைக்கு லே-அவுட் என்று பெயர். அதற்குச் சில விதிகள் உண்டு. பயப்படாதீர்கள், பாதிக்கு மேல் நீங்கள் தினமும் வாசலிலும் அலமாரியிலும் செய்கிறவைதான்.

என் காலை வாரிவிட்ட விதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை நம் கண் உறவாக்கிவிடும். கொலு வைக்கிறீர்களே, செட்டியார் பொம்மைக்கு முன்னால்தானே அரிசி, பருப்பு, வெல்லக் கடையைப் பரப்புகிறீர்கள்? அந்தக் கடையைத் தசாவதாரத்துக்கு முன்னால் பரப்பிப் பாருங்கள். வருகிற குழந்தை, "மச்சாவதாரம் ஏன் மளிகைக் கடை வைத்திருக்கிறது?" என்று கேட்கும். காகிதத்திலும் அப்படியே. ஒரு நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், இடம் நான்கும் ஒரே கொத்தாக இருக்க வேண்டும். அடுத்த நிகழ்ச்சி இன்னொரு கொத்து. கொத்துக்குள் வரிகள் நெருக்கமாக இருக்கட்டும். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே அதைப் போல இரண்டு பங்காவது இடைவெளி விடுங்கள். இடைவெளி ஒன்றுபோல் இருந்தால் எது எதோடு சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது.

"ஒரு வரி இடம் மாறியதற்கு இவ்வளவு புலம்பலா?" என்கிறீர்களா? அமெரிக்க ஜனாதிபதி தேர்தலிலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2000-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி; புளோரிடா மாநிலத்தில் பாம் பீச் என்ற மாவட்டம். ஓய்வு பெற்ற முதியவர்கள் நிறையப் பேர் வசிக்கும் இடம். ஜனாதிபதி பதவிக்கு 10 வேட்பாளர்கள். அங்கே தேர்தல் அதிகாரி ஓர் அம்மாள். 10 பெயரையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் எழுத்து பொடியாகிவிடும், வயதானவர்கள் திண்டாடுவார்கள் என்று இரக்கப்பட்டார். எழுத்தைப் பெரிதாக்கி, சில பெயர்களை இடது பக்கமும் சில பெயர்களை வலது பக்கமும் போட்டார். ஓட்டுப் போடக் குத்த வேண்டிய துவாரங்கள் நடுவில் ஒரே வரிசையாக மேலிருந்து கீழே இறங்கின. இரு பக்கமும் இறக்கை மாதிரி இருந்ததால் பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பிற்பாடு பெயர் வைத்தார்கள்.

இடது பக்கத்தில் முதல் பெயர் புஷ். இரண்டாவது பெயர் கோர். இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துவாரம் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? அங்கேதான் விபரீதம். இரண்டாவது துவாரம் வலது பக்கத்தில் முதலில் இருந்த புக்கானனுக்கு! கோருக்கு மூன்றாவது. அம்புக்குறி போட்டுத்தான் இருந்தார்கள். ஆனாலும் என்ன? 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஜனாதிபதி பதவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துவாரம் குத்தியிருந்ததால் அவை செல்லாமல் போயின. அந்த மாவட்டத்தில் ஆதரவே அதிகம் இல்லாத புக்கானனுக்கு 3,400க்கும் மேல் ஓட்டு விழுந்தது. அவற்றில் பல தமக்கு விழுந்தவை அல்ல என்று அவரே சொன்னார். கோருக்குப் போட நினைத்த 2,000க்கும் அதிகமானவர்கள் தவறிப்போய்ப் புக்கானனுக்குப் போட்டார்கள் என்று 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. மாநிலம் முழுவதிலும் புஷ்ஷுக்குக் கிடைத்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 537 ஓட்டு. புளோரிடா கிடைத்ததால்தான் அவர் ஜனாதிபதியானார்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய எழுத்து நல்லதுதான். வயதானவர்களை நினைத்ததும் நல்லதுதான். பெயரையும் துவாரத்தையும் பிரித்துவிட்டார், அவ்வளவுதான். நேரத்தையும் கோயிலையும் நான் பிரித்த மாதிரி.

இந்த விதிகளைப் புதிதாகக் கற்பவர்களுக்குச் சுலபமாகச் சொன்னவரும் ஒரு பெண்தான். அமெரிக்காவில் ராபின் வில்லியம்ஸ் என்று ஓர் எழுத்தாளர். சிரிப்பு நடிகர் அல்ல, அவர் வேறு, இவர் வேறு. டிசைன் படிக்காதவர்களுக்காகவே 1994-ல் ஒரு புத்தகம் எழுதினார். நெருக்கம், வரிசை, வேறுபாடு, திரும்ப வருதல் என்ற நாலே நாலு விஷயத்தை அதில் அடிப்படையாக வைத்தார். நெருக்கத்தைப் பார்த்துவிட்டோம். திரும்ப வருதலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பத்திரிகையில் போட்ட எழுத்தும் நிறமும்தான் உறையிலும், தாம்பூலப் பையிலும், வாசல் பலகையிலும் வர வேண்டும். பார்த்ததும் "இன்னார் வீட்டுக் கல்யாணம்" என்று தெரிய வேண்டும். அவ்வளவே.

வரிசை என்பது புள்ளிக் கோலம். முதலில் புள்ளி வைக்கிறோம். பிறகு கோடு இழுக்கிறோம். புள்ளி வைக்காமல் கோலம் போட்டால் ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சூம்பிவிடுமே, காகிதத்திலும் அதே கதைதான். இரண்டு மூன்று நேர்க்கோடுகளை லேசாக இழுத்துக்கொள்ளுங்கள். எந்த வரியும் அந்தக் கோடுகளில் ஏதாவது ஒன்றிலிருந்துதான் கிளம்ப வேண்டும். வேலை முடிந்ததும் கோட்டை அழித்துவிடலாம். ஒழுங்கு மட்டும் நிற்கும். நம் பத்திரிகைகளில் எல்லா வரியையும் நடுவில் நிறுத்துவது வழக்கம். மணமக்கள் பெயர் போன்ற சின்ன விஷயத்துக்கு அது அழகுதான். ஆனால் பத்து வரி முகவரியும் நடுவில் நின்றால், ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் ஆரம்பிக்கும். கண் திரும்பிவந்து பிடித்துக்கொள்ள ஒரு சுவர் இருக்காது. முகவரி, நிகழ்ச்சி நிரல், சமையல் குறிப்பு மூன்றையும் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் ஆரம்பியுங்கள்.

இரண்டு பக்கமும் கோடு போட்டாற்போல் நெருக்கி நிறுத்தினால் இன்னும் அழகல்லவா என்று கேட்பீர்கள். தமிழுக்கு அது ஆகிவராது, அதுவும் குறுகலான பக்கத்தில். நம் வார்த்தைகள் நீளம். "கேட்டுக்கொள்கிறோம்" என்ற ஒரு வார்த்தை பாதி வரியைத் தின்றுவிடும். அது இடம் பற்றாமல் அடுத்த வரிக்குப் போனால், மிச்சமிருக்கும் இரண்டு வார்த்தைகளைக் கம்ப்யூட்டர் இழுத்துப் பிடித்து நிறுத்தும். நடுவில் ஆள் போகலாம் போல ஒரு சந்து!

தமிழுக்கென்று இன்னும் சில உண்டு. இங்கிலீஷ்காரர்கள் ஒன்றை உயர்த்திக் காட்ட வேண்டுமானால் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. ஆகவே அளவிலும் தடிமனிலும்தான் காட்ட முடியும். அடுத்தது, நம் எழுத்துக்கு மேலே கொம்பும் சுழியும் உண்டு, கீழே வாலும் உண்டு. மேல் வரியின் 'மூ' கீழ் வரியின் 'கீ'யோடு முட்டிக்கொண்டால் இரண்டும் கெட்டுவிடும். எழுத்து 12 பாயிண்ட் என்றால் வரிக்கு வரி 18 பாயிண்ட் வரை நான் விடுகிறேன். (ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட்.) எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அகலமாக்கும் ஷோக்கு மட்டும் நமக்கு வேண்டவே வேண்டாம். 'கொ' என்பது ஒரே எழுத்தானாலும் பார்வைக்கு மூன்று துண்டு. அகட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடிவிடும்.

இனி வேறுபாடு. இதை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதா? புடவைக்கு ரவிக்கை எடுக்கும்போது ஒன்று, அச்சாகப் பொருந்த வேண்டும். அல்லது அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை மாதிரி துணிந்து மாற வேண்டும். மாட்சிங் போலத் தெரிந்து மாட்சிங் ஆகாத ரவிக்கையைப் போட்டுக்கொண்டு எந்தப் பெண்ணாவது கல்யாணத்துக்குப் போவாளா? பத்திரிகையில் மட்டும் போகிறோம்! ஒரு வரி 14 பாயிண்ட், அடுத்த வரி 15 பாயிண்ட். பார்க்கிறவர்களுக்கு அது கைப்பிசகு போலத்தான் தெரியும். 14-க்கு அடுத்தது 24 என்று தாவுங்கள். எழுத்து வகை இரண்டு போதும். நான் ஐந்து போட்டேன் என்று முன்பே ஒப்புக்கொண்டுவிட்டேன், திரும்பக் கேட்காதீர்கள்.

எதைப் பெரிதாக்குவது? இதற்கு ஒரு சோதனை. பத்திரிகையைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முதலில் என்ன தெரிகிறது? என் பத்திரிகையில் முதலில் மயில் தெரிந்தது. அடுத்து, என் தம்பி பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்கள். கல்யாணத் தேதி தெரியவே இல்லை. அது, "நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பித்து "கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிகிற அந்த நீண்ட வாக்கியத்தின் வயிற்றுக்குள், திதிக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில் ஒளிந்திருந்தது. அந்த வாக்கியத்தை எடுக்கச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பத்திரிகை போலவே இருக்காது. வீட்டுப் பெரியவர்களும் விடமாட்டார்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும். அதற்குக் கீழே நாள், நேரம், இடம் மூன்றையும் தனியாக, தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, காலி இடம். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த பாடம் இதுதான். மூலையில் இரண்டு அங்குலம் வெள்ளையாக இருந்தால் என் கை பரபரக்கும்; ஒரு தாமரையைக் கொண்டுபோய் ஒட்டிவிடுவேன். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் அச்சுக் கோப்பவருக்கு இந்த வியாதி கிடையாது. அவருக்குக் காலி இடமும் ஒரு சாமான்தான். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே, மை படாத குட்டையான ஈயத் துண்டை எடுத்துச் செருகுவார். வரிக்கும் வரிக்கும் நடுவே ஈயப் பட்டையை வைப்பார். இங்கிலீஷில் வரி இடைவெளிக்கு இன்றைக்கும் ஈயத்தின் பெயரே வழங்குகிறது. கையால் எடுத்து வைத்ததால் இடைவெளியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் திரையில் அது வெறுமையாகத் தெரிகிறது, அதனால் அடைத்துவிடுகிறோம்.

நம் வழக்கத்திலேயே இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டாமா? மூலை வரைக்கும் எழுத்தை நிரப்பினால் மஞ்சளுக்கடியில் போவது சித்தப்பாவின் பெயராக இருக்கும். பிறகு அந்தச் சண்டையை யார் தீர்ப்பது? படிக்கிறவர் கட்டை விரலால் பிடிக்கவும் ஓரம் வேண்டும். வெட்டும்போது கத்தி சற்று நகரும் என்பதால், ஓரம் வரை போகும் வர்ணத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டிவிடச் சொல்வார்கள். எழுத்தை உள்ளே தள்ளியே வைக்கச் சொல்வார்கள்.

தங்க நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கு, சக்கரம், கரை இவற்றுக்குப் போடுங்கள், ஜோராக இருக்கும். பொடி எழுத்துக்குப் போட்டால் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்குமே தவிரப் படிக்க வராது. அச்சுக்குக் கொடுக்கும் முன் வீட்டிலேயே அசல் அளவில் ஒரு பிரதி எடுத்து, ராத்திரி விளக்கில் வைத்துப் படித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போனிலேயே, விரலால் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் எல்லாமே யானை மாதிரி தெரியும், அதை நம்பாதீர்கள்.

இந்தத் தையில் தம்பி மகனுக்குக் கல்யாணம். மறுபடியும் முகூர்த்தம் கோயிலில், வரவேற்பு மண்டபத்தில். பத்திரிகையைப் போட யாருமே என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை ஒரே ராத்திரி வேலை. இரண்டு கொத்து, இரண்டு வகை எழுத்து, மை நிறமும் அரக்கும் மட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்து, "முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எங்கே பெரியப்பா?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நேரத்தையும் கோயிலையும் கடகடவென்று படித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு பத்திரிகையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"அதெல்லாம் சரிம்மா. அந்த மயில் எங்கே போச்சு? அது நன்றாகத்தானே இருந்தது!"